உனைசி போட மறுத்த கையெழுத்து

உனைசியை நம்பி ஒரு சின்னப் பொய்யைக்கூட ஒப்படைக்க முடியாது. ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு துணி மூட்டைகளுக்கு நடுவே நான் சற்றே கண்ணயர்ந்துவிட்டேன். சூப்பர்வைசர் வந்து டோரிகா எங்கே என்று கேட்டிருக்கிறார். கழிப்பறைக்குப் போயிருக்கிறாள் என்று சொன்னால் எந்த மலை இடிந்துவிடும்? "அந்தா, மூட்டைக்குப் பின்னால தூங்குறா. ரொம்ப அசதி, பாவம். எழுப்பட்டுமா சார்?" என்று கேட்டாளாம் இந்த மகராசி. எனக்காக இரக்கப்பட்டுத்தான் அப்படிச் சொன்னாள், அதுதான் கொடுமை. அன்று நான் வாங்கிய வசவு ஆலை முழுக்கக் கேட்டது.

அவள் என் அத்தை மகள், எனக்கு மதினி முறை. எங்கள் ஆட்களில் மதினிமார் ஒருத்தியை ஒருத்தி கேலி செய்யாமல் இருந்தால்தான் ஏதோ மனஸ்தாபம் என்று நினைப்பார்கள். எங்களுக்குள் அந்த மனஸ்தாபம் ஒரு நாளும் வந்ததில்லை. தலைநகர் சுவாவில் பள்ளிச் சீருடை தைக்கும் ஆலையில் பக்கத்துப் பக்கத்து இயந்திரம் எங்களுக்கு. அவள் காலர் வைப்பாள், நான் கை வைப்பேன். நான்கு வருடமாக அவள் புருஷன் வைசாகே பிரான்சில் இருந்தான். ரக்பி ஆடப் போனவன். முழங்கால் போன பிறகு, வாத்துக் கறியை டப்பாவில் அடைக்கும் ஆலையில் வேலைக்குச் சேர்ந்துகொண்டான். நடுவில் ஒரே ஒரு கிறிஸ்துமஸுக்கு வந்து போனான். அவனுக்கு வேலை நிரந்தரமானதும் உனைசியையும் மகள் மெரேசியையும் அழைத்துக்கொள்ளலாம் என்று அங்கே சொல்லிவிட்டார்கள். கல்யாணச் சான்றிதழை முத்திரை வைத்து அனுப்பினால் போதும்.

அங்கேதான் சிக்கல். சான்றிதழ் வாங்கப் பதிவு அலுவலகத்துக்குப் போனால், அப்படி ஒரு கல்யாணமே நடக்கவில்லை என்றார்கள்.

நடக்கவில்லையாம். கந்தாவுத் தீவில் அந்தக் கல்யாணத்துக்கு மரவள்ளிக் கிழங்கு உரித்தே என் கை கொப்பளித்துப் போனது. வைசாகே வீட்டார் படகில் வந்து இறங்கி, திமிங்கலப் பல்லும் இடித்துக் கரைத்துக் குடிக்கும் யங்கோனா வேரும் பாயும் மண்ணெண்ணெய்ப் பீப்பாயும் வைத்துப் பெண் கேட்டார்கள். உனைசியின் அப்பா எபராமா மாமா திமிங்கலப் பல்லைக் கையில் வாங்கினார். ஊரே கை தட்டியது. போதகர் ஜெபம் செய்தார், மண் அடுப்பிலிருந்து பன்றியை எடுத்தார்கள், மூன்று நாள் யாரும் அடுப்பைப் பார்க்கவில்லை. ஒரு கல்யாணத்துக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? ஒரே ஒரு தாள் வேண்டுமாம். அதைப் போதகர் பதிவு அலுவலகத்துக்கு அனுப்பியிருக்க வேண்டும். நல்ல மனிதர், குரல் அப்படிக் கணீரென்று இருக்கும், காகிதம் என்றால் மட்டும் கை வராது. ஆண்டவருக்குச் சொல்லியாகிவிட்டது, அரசாங்கத்துக்கு என்ன அவசரம் என்று இருந்துவிட்டார் போல. இப்போது அவரும் ஆண்டவரிடமே போய்ச் சேர்ந்துவிட்டார். இத்தனை வருடத்தில் அந்தத் தாளை எவரும் கேட்கவில்லை. மெரேசி பிறந்தபோதுகூட வைசாகே ஆஸ்பத்திரியில் நின்று அப்பா என்று கையெழுத்துப் போட்டான், எழுதிக்கொண்டார்கள்.

வைசாகேயால் உடனே இங்கே வரவும் முடியவில்லை. அவனுடைய குடியிருப்பு அட்டை புதுப்பிக்கப் போயிருந்தது, அது கைக்கு வரும்வரை நாட்டை விட்டு நகரக் கூடாது. ஆகவே அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். அந்த ஊர் மேயர் அலுவலகத்தில் புதிதாகக் கல்யாணம் செய்துகொள்வது, அதற்கு உனைசி அங்கே வருவது. பிறப்புச் சான்றிதழ் புதிதாக எடுக்க வேண்டும். கல்யாணமாகாதவள் என்று நோட்டரி முன்னால் சத்தியம் செய்த பிரமாணப் பத்திரம் ஒன்று வேண்டும். இரண்டுக்கும் நம் வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை வேண்டும், பிறகு பிரெஞ்சு மொழிபெயர்ப்பு. பிறப்புச் சான்றிதழுக்கும் அங்கே கெடு உண்டு, ஆறு மாதம் தாண்டினால் செல்லாது. இவ்வளவுதானே என்று நானும் துணைக்குக் கிளம்பினேன்.

நோட்டரி ரேணுகா லக்கன் அம்மாவின் அலுவலகம் ஒரு செருப்புக் கடைக்கு மேலே இருந்தது. சுவாவிலேயே பிறந்து வளர்ந்தவர், பேச்சில் நறுக்கென்று இருப்பார். மேசையில் பைபிள், கீதை, குரான் மூன்றும் அடுக்கி வைத்திருந்தார். அச்சடித்த பத்திரத்தில் உனைசியின் பெயரை நிரப்பி, அவள் முன்னால் பைபிளை நகர்த்தி, தான் வாசிப்பதைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். பெயர் சொன்னாள், முகவரி சொன்னாள். "எந்த முறைப்படியும் எனக்கு இதுவரை திருமணம் நடந்ததில்லை" என்று அவர் வாசித்ததும், சுட்டுவிட்டதுபோல் பைபிள் மேலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"இதை நான் சொல்ல முடியாதும்மா. எனக்குக் கல்யாணம் ஆயிருச்சு."

"அப்புறம் எதுக்குக் கல்யாணமாகாதவன்னு பத்திரம் கேட்டு வந்தீங்க?"

"கல்யாணம் பண்ணிக்கத்தான்."

"யாரை?"

"என் புருஷனை."

லக்கன் அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். அந்த அறையில் நான்தான் புத்தி சரியாக உள்ளவள் என்று நினைத்தார் போலிருக்கிறது. நான் நடந்ததை எல்லாம் விளக்கிச் சொன்னேன். சட்டத்தின் கண்ணில் இவள் திருமணமாகாதவள்தான், ஆகவே இது பொய்யில்லை என்று அவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். உனைசி குழந்தைக்குத் தலையாட்டுவதுபோல் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

"சட்டத்துக்குத் தெரியலைன்னா அது சட்டத்தோட பாடும்மா. பைபிள் மேல கை வெக்கிறது நான்ல? எந்த முறைப்படியும்னு எழுதியிருக்கு. எங்க முறைப்படி நடந்துச்சே. அப்ப எம் மகளை நான் எப்படிப் பெத்தேன்? நாளைக்கு அவ பெருசாகி இந்தக் காகிதத்தைப் படிச்சா, அவகிட்ட நான் என்ன சொல்லுவேன்?"

லக்கன் அம்மா கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பத்திரத்தை மடித்துக் கொடுத்து, யோசித்துவிட்டு வாருங்கள் என்றார். படி இறங்கும்போது நான் உனைசியை வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஊரில் எத்தனை பேர் எத்தனை பொய்யில் கையெழுத்துப் போட்டு வெளிநாடு போய் வீடு கட்டியிருக்கிறார்கள், உனக்கு மட்டும் என்ன தனிப் பரலோகமா என்று கேட்டேன். அவள் எனக்கு வறுத்த கடலை வாங்கிக் கொடுத்தாள். அவள் சமாதானம் அப்படித்தான் இருக்கும்.

அன்று சாயங்காலம் வைசாகே தொலைபேசியில் கூப்பிட்டான். அவனுக்கு அங்கே காலை, வேலைக்குக் கிளம்பும் அவசரம். கேட்டதும் குதித்தான். முட்டாள்தனம், ஒரு கையெழுத்துக்காக நான்கு வருடக் காத்திருப்பைப் பாழாக்குகிறாய் என்றான். கடைசியில் ஆத்திரத்தில் சொல்லக் கூடாததையும் சொல்லிவிட்டான்.

"இது ஒரு விஷயமா? நானே போட்டுக் குடுத்துட்டேன். கல்யாணமாகாதவன்னு போன மாசமே எழுதிக் குடுத்துட்டேன். வானமா இடிஞ்சு விழுந்துச்சு?"

உனைசி அடுப்பில் கொதித்த மீன் சட்டியை இறக்கி வைத்தாள். பிறகு "வேலைக்கு நேரமாச்சு, போ" என்று சொல்லித் துண்டித்துவிட்டாள். மெரேசிக்குச் சோறு போட்டாள். சேம்பும் தேங்காய்ப்பால் மீனும் எனக்கும் வைத்தாள். தன் தட்டைத் தொடவில்லை. அவளுக்கு வலித்தது எங்கே என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. நாட்டுக்கு நாடு சட்டம் மாறும், போகட்டும். ஆனால் கல்யாணமாகாதவன் என்று அவன் கூசாமல் எழுதியிருக்கிறான். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாளிலிருந்து இருவருக்கும் பேச்சு நின்றது. ஆலையில் விஷயம் எப்படியோ கசிந்து, ஆளாளுக்குப் புதுப்பெண் என்று கூப்பிட்டுக் கேலி செய்தார்கள். நானும் இரண்டு நாள் கேலி செய்தேன், பிறகு மனசு வரவில்லை. செய்தி கந்தாவுக்கும் போனது. படகில் போகும் செய்தி போய்ச் சேரும்போது இரண்டு மடங்காகித்தான் இறங்கும். வைசாகே அங்கே வெள்ளைக்காரி ஒருத்தியைக் கட்டப்போகிறான், உனைசியிடம் விடுதலைப் பத்திரம் கேட்கிறான் என்று எபராமா மாமா காதில் விழுந்திருக்கிறது. அடுத்த படகிலேயே வந்து இறங்கிவிட்டார், கக்கத்தில் செய்தித்தாளில் சுற்றிய யங்கோனா வேர்க்கட்டோடு. எங்கள் ஆட்கள் கேட்பதற்கும் அதைத்தான் கொண்டுபோவார்கள், மன்னிப்புக்கும் அதைத்தான். சண்டைக்கு மட்டும் கொண்டுபோக மாட்டார்கள். அதைப் பார்த்ததும்தான் எனக்கு உயிர் வந்தது.

மாமா பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து, மகள் சொன்னதை முழுவதும் கேட்டார். வைசாகேயைத் திட்டுவார் என்று காத்திருந்தோம். திட்டவில்லை. உனக்கு அங்கே போக வேண்டுமா என்று மட்டும் கேட்டார்.

"போகணும்பா. ராத்திரி பகலா அதே நினைப்புதான். ஆனா நீங்க குடுத்ததை இல்லேன்னு சொல்லிட்டுப் போக மாட்டேன்."

"அப்ப வா, அந்தம்மாவைப் பாப்போம்" என்றார் மாமா.

லக்கன் அம்மாவின் அறையில் நாற்காலி இருந்தும் மாமா தரையில் உட்கார்ந்தார். வேர்க்கட்டை இரண்டு கையாலும் முன்னால் வைத்துக்கொண்டு, தலையைத் தாழ்த்தி, முறைப்படி பேச ஆரம்பித்தார். என் மகளை ஒரு நாள் ஊர் பார்க்க ஒப்படைத்தேன். கொடுத்தவன் உயிரோடு இருக்கும்போது கொடுக்கவே இல்லை என்று காகிதத்தில் எழுதினால் நான் எங்கே போய் நிற்பேன்? அவள் போகவும் வேண்டும், பொய் சொல்லாமல் போகவும் வேண்டும். வழி உங்களிடம் இருக்கிறது என்று வந்திருக்கிறோம். இவ்வளவையும் அவர் நிதானமாகச் சொல்லி முடித்தார். லக்கன் அம்மா மேசையில் திறந்திருந்த கோப்பை மூடி வைத்தார். பிறகு எழுந்து வந்து, புடவையைச் செருகிக்கொண்டு, மாமாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து வேர்க்கட்டைத் தொட்டு ஏற்றுக்கொண்டார். கப்பல் கம்பெனி ஆள் ஒருவர் டை கட்டிக்கொண்டு தன் முறைக்குக் காத்திருந்தார். எல்லோரும் தரையில் இருக்கும்போது தான் மட்டும் மேலே உட்காருவது மரியாதையில்லை என்று அவரும் இறங்கி உட்கார்ந்துவிட்டார்.

அச்சடித்த பத்திரம் வேண்டாம், நடந்ததை நடந்தபடி நானே சொல்கிறேன், எழுதுங்கள் என்றாள் உனைசி. அவள் சொல்லச் சொல்ல, லக்கன் அம்மா சட்டத்துக்கு வேண்டியதைச் சேர்த்துத் தட்டச்சு செய்தார். எந்த நாட்டுப் பதிவேட்டிலும் என் திருமணம் பதிவாகவில்லை. எங்கள் குலவழக்கப்படி, என் தகப்பனார் கொடுக்க, வைசாகேக்கு நான் மனைவியானேன். அன்று முதல் அவரைத் தவிர வேறு யாருக்கும் மனைவியாக இருந்ததில்லை. அவரையே இப்போது சட்டப்படி மணக்கச் செல்கிறேன். இவ்வளவுதான். கொடுத்தது நான்தான் என்று மாமாவும் தனியாக ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். இந்த முறை பைபிள் மேல் வைத்த கையை உனைசி கடைசி வரி முடிந்தும் எடுக்கவில்லை.

முத்திரை அழுத்துமுன் லக்கன் அம்மா ஒன்று சொன்னார்.

"உங்களுக்கு ஆசை காட்ட எனக்கு இஷ்டமில்லை. நான் முத்திரை வெச்சா, கையெழுத்து உங்களோடதுன்னு அர்த்தம். அமைச்சகத்துல வெச்சா, நான் நோட்டரிதான்னு அர்த்தம். உள்ள எழுதியிருக்கறது உண்மைன்னு எந்த முத்திரையும் சொல்லாது. அங்க ஒத்துக்காம திருப்பி அனுப்பிட்டாங்கன்னா?"

"உண்மைன்னு சொல்றதுக்குத்தான் நான் இருக்கேனேம்மா" என்றாள் உனைசி.

அமைச்சகத்தில் இரண்டு நாளில் வேலை முடிந்தது. பத்திரத்தோடு அவர்கள் தாளைச் சேர்த்துத் தைத்துக் கொடுத்து, பிரிக்காதீர்கள், பிரித்தால் செல்லாது என்று சன்னலில் இருந்த பெண் எச்சரித்தாள். பயந்துபோன மாமா அதைக் கூரியர் கடை வரைக்கும் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, மழைக்குக்கூட ஒதுங்காமல், தன் சட்டைக்குள் மறைத்துக் கொண்டுவந்தார். அவர் நனைந்தார், பத்திரம் நனையவில்லை.

பதில் வரும் என்று எதிர்பார்த்தோம், இப்படி வரும் என்று எதிர்பார்க்கவில்லை. மேயர் அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தை லக்கன் அம்மா பிரெஞ்சு தெரிந்த ஒருவரிடம் கேட்டு வாசித்துச் சொன்னார். பெண்ணின் பத்திரத்தில் ஆட்சேபம் இல்லை. ஆனால் எந்த முறைப்படியும் திருமணம் நடந்ததில்லை என்று மாப்பிள்ளை எழுதிக் கொடுத்திருக்கிறார், பெண் நடந்தது என்கிறார். இரண்டில் ஒன்று தவறு. மாப்பிள்ளை நேரில் வந்து விளக்கும்வரை கோப்பை நிறுத்தி வைக்கிறோம்.

ஆக எல்லாம் வைசாகே கையில் வந்து நின்றது. அவன் அங்கே போய், நான் எழுதியது பொய் என்று வெள்ளைக்கார அதிகாரி முன்னால் சொல்ல வேண்டும். அட்டை புதுப்பிக்கும் நேரத்தில் எந்த வெளிநாட்டுக்காரன் அப்படிச் சொல்லத் துணிவான்? சொல்லாவிட்டால், உனைசிதான் பொய் சொல்கிறாள் என்று ஆகிவிடும். பேசாமல் உன் பத்திரத்தைத் திரும்ப வாங்கிக்கொள், அவன் வேலையாவது தப்பட்டும் என்று நான் கெஞ்சினேன். அவள் கேட்கவில்லை. கடிதத்தைப் படமெடுத்து அவனுக்கு அனுப்பினாள். கூடவே ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. அவன் பார்த்துவிட்டான் என்று தொலைபேசி காட்டியது, பதில் வரவில்லை. அடுத்த நாளும் இல்லை, அதற்கடுத்த நாளும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோவிலில் பாட்டு நடுவில் அவள் குரல் நின்றுபோனது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, அவன் மேலா இவள் மேலா என்றுதான் தெரியவில்லை.

அவன் கூப்பிட்டது அந்த வாரக் கடைசியில், மதிய இடைவேளை முடிந்து இயந்திரங்கள் ஓட ஆரம்பித்த நேரத்தில். அங்கே நடுராத்திரி இருக்கும். எங்கள் ஆலையில் வேலை நேரத்தில் தொலைபேசி எடுக்கக் கூடாது. அவள் கையில் காலர் இருந்தது. நானே பொத்தானை அழுத்தி, சத்தமாக வைத்து இயந்திரத்தின் மேல் சாய்த்தேன். முன்வரிசைக்காரிகள் ஒவ்வொருத்தியாக மிதியிலிருந்து காலை எடுத்தார்கள்.

இத்தனை நாளும் தைரியம் வரவில்லை என்றான் வைசாகே. உன் பத்திரத்தின் நகலை நோட்டரி அம்மாளிடம் கேட்டு வாங்கி, ஒவ்வொரு இரவும் எடுத்துப் படித்தேன் என்றான். நேற்று அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு, இடுப்பில் வேட்டிபோல் கட்டும் நல்ல சூலுவை உடுத்திக்கொண்டு மேயர் அலுவலகத்துக்குப் போயிருக்கிறான். என் சம்சாரம் எழுதியதுதான் நிஜம், நான் எழுதியது பொய், என்ன தண்டனையோ கொடுங்கள் என்று சொல்லியிருக்கிறான். தண்டனை எதுவும் இல்லையாம். பழைய தாளை ரத்து செய்து, புதிதாக எழுதி வாங்கிக்கொண்டார்கள். செப்டம்பரில் ஒரு சனிக்கிழமையைக் குறித்தும் கொடுத்துவிட்டார்கள்.

"அங்க இருந்த அதிகாரியம்மா ஒண்ணு கேட்டாங்க உனைசி. அப்ப நிஜமாவே கல்யாணம் ஆயிருக்கே, திரும்ப எதுக்குன்னு கேட்டாங்க. எனக்கு ஒண்ணும் சொல்லத் தெரியல. வெளிய வந்தப்புறம்தான் தோணுச்சு. அன்னிக்கு எங்க வீட்டாளுங்க உங்கப்பாவைக் கேட்டாங்க, அவர் சரின்னாரு, ஊரே கை தட்டுச்சு. உன்னை யாருமே கேக்கலை. நானும் கேக்கலை. இப்பக் கேக்கறேன். என்னைக் கட்டிக்கிறியா?"

உனைசி கையிலிருந்த காலரை மடியில் வைத்தாள். சூப்பர்வைசர் கதவருகே வந்து நின்றார், அவரும் காது கொடுத்துக் கேட்டார். அவள் முகத்தை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது அப்போதுதான் கண்ணில் வந்து, கன்னத்தில் இறங்கி, பள்ளிக்கூடக் காலரின் மேல் சொட்டியது. அவள் துடைக்கவில்லை.

"கட்டிக்கிறேன்" என்றாள். "அன்னிக்குக் கேட்டிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன்."